உப்புக்கு ஒறம்பரை

பருத்தியும் சாயமும் தானாகச் சேராது.
நடுவில் உப்பு நின்று தள்ள வேண்டும்,
வெட்கப்படும் பெண்ணை மணவறைக்குத் தள்ளிவிடும் அத்தைபோல.
அதற்காகத்தான் தூத்துக்குடியிலிருந்து
லாரி லாரியாக உப்பு ஏறி வந்து
திருப்பூரில் இறங்குகிறது.
கல்யாணம் முடிந்ததும்
அத்தையை வாய்க்காலில் விட்டுவிடுகிறோம்.

சாணத்திலிருந்து ஒன்று வளர்த்தேன், இரண்டாம் நாள் செத்தது.
அரிசிமில் கழிவு, குளத்து வண்டல்,
ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடும் சாக்கடையின் அடிச்சேறு:
எல்லாம் நல்ல தண்ணியில் பிறந்த உயிர்கள்.
எங்கள் தொட்டியில் வாய் வைத்ததும்
உள்ளிருந்த ஈரத்தை உப்பு உறிஞ்சிக்கொண்டது.
நோட்டில் எழுதினேன்:
வளர்ச்சி இல்லை.
வளர்ச்சி இல்லை.
மேற்படி.
மேற்படி.

"ஏனுங் டீச்சர்,
கோடிக்கணக்குல கொட்டி மெஷின் வெச்சிருக்கறம்,
இந்தச் சேத்தை நம்பி உக்காரோணுமாக்கும்?"
மேனேஜர் கிட்டுசாமிக்கு
வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் எல்லாரும் டீச்சர்.
நான் சிரித்துவைத்தேன்.
என் நகக்கண்ணில் அன்றைக்கு மாம்பழ மஞ்சள்.

பிறகுதான் உறைத்தது,
உப்பு வந்த ஊரில் கேட்டிருக்க வேண்டும் என்று.
லாரிக்கார லூர்துராஜிடம் சொல்லி அனுப்பினேன்.
அளத்தின் ஓரத்தில், கடல் உள்ளே வரும் வாய்க்காலில்
ஒரு கை கருஞ்சேறு.
ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்தான்.
மூடியைத் திறந்தால் அழுகின முட்டை வாசம்.
"இதையும் காசு குடுத்து வாங்குவீகளா?" என்றான்.
டீக்கு மட்டும் வாங்கிக்கொண்டான்.

எட்டாம் தட்டில் முளைத்தது அது.
எங்கள் சாயத்தண்ணியின் உப்பைக் குடித்துவிட்டு
அம்மா வீட்டுக்கு வந்ததுபோல் பெருகியது.
ஆனால் நிறத்தைத் தொடவில்லை.
மூன்று நாள் குலுக்கியில் வைத்துக் குலுக்கினேன்.
சிவப்பு சிவப்பாகவே சுற்றிச் சுற்றி வந்தது.

வியாழன் இரவு கரண்ட் போனது.
ஜெனரேட்டர், துணி ஓடும் மெஷின்களுக்கு மட்டும்.
என் குலுக்கி நின்றுபோனதை
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

காலையில் கதவைத் திறக்கிறேன்:
குடுவை வழியாகச் சுவர்க்கடிகாரம் தெரிகிறது.
ஏழு பத்து.
முள் கொஞ்சம் வளைந்து,
ஆனால் தெளிவாக, ஏழு பத்து.

காற்று கிடைத்த வரை
அது சாயத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.
காற்று தீர்ந்த இருட்டில்
வேறு வழியில்லாமல் நிறத்தின் மேல் கை வைத்து
இரண்டு நைட்ரஜன் கோத்திருந்த கையைப் பிரித்திருக்கிறது.
அவ்வளவுதான் சங்கதி.
நான் செய்த ஒரே உதவி, தூங்கிப்போனது.

கிட்டுசாமி ஓடி வந்தார்.
குடுவையைத் தூக்கி டியூப்லைட்டில் பார்த்தார்.
"அப்பறமென்னங், ஆத்துல உட்டரலாமுங்!"

நொய்யலில் சிவப்பு ஓடினால் கேமராக்காரர்கள் வருவார்கள்.
நிறமில்லாத தண்ணியை
யாரும் படம் பிடிப்பதில்லை.
ஆனால் சாயம் சாகவில்லை, உடைந்திருக்கிறது.
உடைந்த கண்ணாடி கண்ணுக்குத் தெரியாவிட்டால்
காலுக்குமா தெரியாது?

"இன்னும் பாதி வேலை இருக்குங்க" என்றேன்.
"எத்தன நாளுங்?"
தெரியாது என்று சொன்னேன்.
டீச்சர் என்று அவர் அன்று கூப்பிடவில்லை.

குலுக்கியைப் போட்டேன்.
இப்போதுதான் அதற்குக் காற்று வேண்டும்;
உடைந்த துண்டுகளை இனி மூச்சுவிட்டு மூச்சுவிட்டுத் தின்னட்டும்.
பத்து நாள் கழித்து
உப்பு பிரித்தெடுத்த அந்தத் தண்ணியில்
மீன்கடையிலிருந்து ஏழு கப்பி மீன் வாங்கி விட்டேன்.
பிரித்த உப்பு, குருணையாக, பழுப்பாக,
ஒரு மூட்டையில் மூலையில் சாய்ந்திருக்கிறது.
அடுத்த துணிக்கு அதே அத்தை.

இரவு ஷிப்டில் உட்கார்ந்து எண்ணுகிறேன்.
திங்கள்: ஏழு.
செவ்வாய்: ஏழு.
புதன்: ஆறு.
இன்று வெள்ளி, விடிய ஒரு மணி நேரம்.
பம்பின் அடியில் ஒன்று அசைகிறதா, இல்லை நிழலா என்று
டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
நோட்டில் ஐந்து என்று எழுதி,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.